ஜெனரேட்டரா, பேட்டரியா?



எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அண்மையில் ஓர் அறிவிப்பு வந்தது. கணினி அறைக்குப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கித் தர நன்கொடையாளர் ஒருவர் முன்வந்துள்ளார். ஒரு பெயர்ப்பலகை வைத்தால் போதுமாம். அவையில் கைதட்டல் எழுந்தது. நான் மட்டும் தட்டவில்லை. காரணம் கேட்டார்கள். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தோட்டத்தின் பழைய கதைகளைத் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டுத் தட்டச்சு செய்தார்கள். ஒரு பிற்பகல், இடி முழங்கியது, அறை இருண்டது. மீண்டும் மின்சாரம் வந்தபோது ஒரு கணினியில் அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. அதை எழுதிய சிறுமியிடம், "பாட்டியிடம் மறுபடியும் கேட்டு எழுதலாம் அம்மா" என்றேன். "பாட்டிக்கு இப்போ பேச முடியாது டீச்சர்" என்றாள். பக்கவாதம். என்னால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் அந்த மேசையின் கீழ் யூ.பி.எஸ். ஒன்று இருந்தது. மூன்று இருந்தன, மூன்றுமே வேலை செய்யவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி உப்பிக் கிடந்தது. வாங்கி நான்காண்டுகள் ஆகியிருந்தன. இடையில் ஒருவரும் அதைச் சோதிக்கவில்லை, நான் உட்பட.

யூ.பி.எஸ். பெட்டியின் உயிர் அதனுள் இருக்கும் ஈய அமில பேட்டரிதான். நாம் பெரும்பாலும் வாங்கும் 650 வி.ஏ. பெட்டியில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 84 வாட் மணி. வேகமாக இழுக்கும்போது அதில் பெரும்பகுதி கைக்கு வராது. திரையுடன் சேர்த்து 120 வாட் இழுக்கும் மேசைக் கணினிக்குப் புதிதாக இருக்கையில் கால் மணி நேரம் கிடைத்தால் நல்லது. கோப்பைச் சேமித்து முறையாக அணைக்க அது தாராளம். பாடம் நடத்துவதற்கு அன்று. 650 என்ற எண்ணைக் கண்டு இரண்டு கணினியும் லேசர் அச்சுப்பொறியும் மாட்டுகிறவர்கள் உண்டு. அச்சுப்பொறி சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சிறு பெட்டி தாங்காது.

இந்த பேட்டரிக்கு 25 பாகை செல்சியசில் மூன்று முதல் ஐந்தாண்டு ஆயுள் என்பார்கள். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் தகரக்கூரை அறைகள் சன்னல் பூட்டிய நிலையில் பிற்பகலில் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அத்துடன், நீண்ட விடுமுறைக்கு முதன்மை விசையை அணைத்துவிட்டுப் போகிறோம். பேட்டரி மெல்ல வடிந்து வெறுமையாகவே வாரக்கணக்கில் கிடக்கிறது. அதுவே அதற்கு நஞ்சு. ஆகவே, பழுதானது பெட்டியன்று, நம் பராமரிப்பு. மாற்று பேட்டரி பெரிய விலையன்று. ஆனால், பேட்டரிக்கு யார் பெயர்ப்பலகை வைப்பார்கள்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருந்தடை நமக்கு அரிது. எங்கள் பள்ளி இருளில் மூழ்கிய நாள்களில் பாதிக்குமேல் காரணம் எங்கள் சுவரிலேயே இருந்தது. இரவெல்லாம் மழை பெய்த ஒரு நாள் காலையில் மின்சாரமில்லை. அழைத்த வயர்மேன் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், கரண்டு போகல. உங்க பாக்ஸ்லதான் ட்ரிப் ஆயிருச்சு" என்று சிரித்தார். மின்கசிவுத் தடுப்பு விசை, இடியின் அதிர்வில் விழுந்திருந்தது. உள்ளே ஈரமும் ஒரு செத்த பல்லியும். நிலத்தொடர்புக் கம்பியும் துருப்பிடித்திருந்தது. நிலத்தொடர்பு சரியில்லாத பள்ளியில் இடிதாங்கி பிளக் வரிசை மாட்டுவது, ஓட்டைக் குடையைப் பிடிப்பது போன்றது.

இப்போது ஜெனரேட்டருக்கு வருவோம். என் தலைமுறைக்கு அதன் ஓசை புதிதன்று. லயத்து வீடுகளில் மாலை ஓடத் தொடங்கி இரவு பத்து மணிக்கு நிற்கும் தோட்டத்து இயந்திரத்தின் சத்தத்தில்தான் நான் வாய்ப்பாடு மனனம் செய்தேன். அதன்மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால், சிறிய மலிவு ஜெனரேட்டரின் வோல்ட் அளவும் அலைவெண்ணும் சுமைக்கேற்ப ஏறியிறங்கும். சில யூ.பி.எஸ். அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துபோகும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வகுப்பின் சன்னலோரம் வைக்கவே கூடாது. எல்லாவற்றிலும் ஆபத்தானது, மாற்று விசை பொருத்தாமல் சுவர்த் துளையில் செருகிப் பள்ளிக்கு மின்சாரம் ஊட்டுவது. அது வெளியே கம்பத்துக்குப் பாய்ந்து அங்கே பழுது பார்ப்பவரின் உயிரைக் குடித்துவிடும். பெட்ரோலைப் பள்ளியில் யார், எங்கே பூட்டி வைப்பது என்பதற்கும் கூட்டத்தில் விடையில்லை.

என் கருத்து இதுதான். முதலில் மின்பெட்டியையும் நிலத்தொடர்பையும் உரிமம் பெற்ற ஒருவர் பார்க்கட்டும். அடுத்து, பழைய மேசைக் கணினிகள் கழியுந்தோறும் மடிக்கணினியே வாங்குவோம். அதனுள்ளேயே பேட்டரி இருக்கிறது. இடி கேட்டதும் செருகியைப் பிடுங்கிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். மதிப்பெண் பதியும் அலுவலகக் கணினிக்கும் இணைய ரூட்டருக்கும் மட்டும் யூ.பி.எஸ். போதும். மின்னழுத்தம் தாழும் தோட்டத்துக் கடைக்கோடிப் பள்ளிகள் தானாக வோல்ட்டைச் சீர்செய்யும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் மிஞ்சினால், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைத் தூக்கிச் செல்லும் மின்கலப்பெட்டி ஒன்று. 500 வாட் மணி உள்ளது, 30 வாட் இழுக்கும் மடிக்கணினிகள் ஐந்தைச் சுமார் இரண்டரை மணி நேரம் ஓட்டும். சத்தமில்லை, புகையில்லை. விளையாட்டு விழா ஒலிபெருக்கிக்கும் ஆகும் (இதைச் சொன்னதும் உடற்கல்வி ஆசிரியர் என் பக்கம் வந்துவிட்டார்).

பெற்றோர்களுக்கு ஒரு சொல். வீட்டில் பிள்ளை மடிக்கணினி வைத்திருந்தால் தனி யூ.பி.எஸ். தேவையில்லை. ரூட்டருக்கு மட்டும் கையகல 12 வோல்ட் பெட்டி போதும். உங்கள் ரூட்டரின் செருகியில் எழுதியுள்ள வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

ஜெனரேட்டர் பற்றிய முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அதற்குள் நன்கொடையாளரை நேரில் சந்திக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பெயர்ப்பலகை கட்டாயம் வேண்டுமென்றால், துருவெடுத்துச் செப்பனிட்ட மின்பெட்டிக்கு மேலேயே மாட்டிவிடலாம், மாதந்தோறும் யூ.பி.எஸ். சோதிக்கப் போகிறவள் நான்தான், நானே துடைத்தும் வைக்கிறேன்.