சௌரங்கியின் வெள்ளை மாளிகையும் அதன் ரொக்கப் பெட்டியும்

கொல்கத்தாவில் சௌரங்கிச் சாலையும் எஸ்.என். பானர்ஜி சாலையும் கூடும் முனையில் நிற்கும் மெட்ரோபாலிட்டன் கட்டடத்தைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே தன்மையுடையவை. குவிமாடம், மணிக்கூண்டு, வளைவுச் சாளரங்கள் என்று தொடங்கி, போன காலத்தின் பகட்டை எண்ணி ஒரு பெருமூச்சோடு அவை முடிந்துவிடும். ஒயிட்அவே லெய்ட்லா என்ற பல்பொருள் அங்காடிக்காக எழுந்த கட்டடம் அது என்னும் செய்திக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். உண்மையில் கட்டடத்தைக் காட்டிலும் கடைதான் ஆய்வுக்குரியது. அதிலும் குறிப்பாக, அது பணம் வாங்கிய முறை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் லெய்ட்லா 1882இல் கொல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம் அது. அக்காலத்து ஐரோப்பியக் குடும்பங்கள் கடையில் காசு எண்ணிக் கொடுப்பதை மதிப்புக் குறைவாகக் கருதின. சீட்டில் கையெழுத்திட்டுப் பொருளை எடுத்துச் செல்வது, கணக்கைப் பின்னர் தீர்ப்பது, தீர்க்காமலே மாற்றலாகிச் செல்வது என அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. வாராக் கடனின் சுமை, கொடுப்பவர்கள் செலுத்தும் விலையில் ஏறியது. லெய்ட்லாவின் கடை அதை மறுத்தது: ரொக்கம் கொடுத்தால் மட்டுமே பொருள், அதனால் விலை மலிவு. ஆங்கிலேயர்கள் கடையின் பெயரையே திரித்து ‘ரைட்அவே அண்ட் பெய்ட்ஃபார்’ என்று கேலி பேசினர். உடனடியாக, அதுவும் காசு கொடுத்து என்பது அதன் பொருள்.

இந்தக் கேலியைச் சுவையான துணுக்காக மட்டும் எடுத்துக்கொள்வது பெரும் இழப்பு. யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதுதான் கேள்வி. உயர் அதிகாரிகளின் இல்லங்கள் அதே சாலையில் ஹால் அண்ட் ஆண்டர்சனையும் இராணுவ, கடற்படை அங்காடியையும் நாடின. ஒயிட்அவேயின் வாடிக்கையாளர்கள் அவர்களுக்குக் கீழ்ப்படியில் இருந்தவர்கள்: இரயில்வே ஊழியர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், மாதச் சம்பளம் வாங்கிய வங்காளி நடுத்தர வர்க்கத்தினர். நேரில் வர இயலாத வெளியூர்க்காரர்களுக்குப் பொருள்பட்டியலும் அஞ்சலும் இருந்தன. இந்தியாவில் 1877இல் அறிமுகமான வி.பி.பி. முறை, கடன் கொடுக்காமலே தொலைவிலிருப்பவருக்கு விற்க வழி செய்திருந்தது. அஞ்சல் துறையின் வரலாறும் அங்காடியின் வரலாறும் சந்திக்கும் இவ்விடத்தில் தனி ஆய்வேடு ஒன்றுக்கே இடமுண்டு.

சுதேசி இயக்க வரலாற்றுக்கும் இது தேவையானது. மாளிகை எழுந்த 1905ஆம் ஆண்டில்தான், நடந்து செல்லும் தொலைவிலுள்ள டவுன் ஹாலில், ஆகஸ்ட் 7 அன்று அந்நியப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருபுறம் வெள்ளையரின் அங்காடி, மறுபுறம் விழித்தெழும் தேசம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அத்தகைய கடைகளில் வெள்ளையர் மட்டுமே வாங்கியிருந்தால் புறக்கணிப்புக்கு என்ன வேலை? சட்டைத் துணியும் சோப்பும் காலணியும் சீமையிலிருந்து வந்ததாக வேண்டும் என்று விரும்பிய இந்தியர் இருந்ததால்தான் அத்தீர்மானம் கூர்மை பெற்றது. சரளாதேவி சௌதுராணி சுதேசிப் பொருள்களுக்கென ‘லக்ஷ்மீர் பண்டார்’ என்ற கடையைத் திறந்ததும் அதே விருப்பத்தைத் திசைதிருப்பவே. கடைக்கு எதிராகக் கடை வைத்தார் அவர். மேடைப் பேச்சுகளுக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இந்தக் கடைப் போட்டிக்கு ஆய்வுலகில் கிடைக்கவில்லை.

நிறுவனம் சென்னை மவுண்ட் ரோடு, பம்பாய், இரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர், ஷாங்காய் என விரிந்தது. லெய்ட்லா 1906இல் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார். 1909இல் ஷாங்காயில் கூடிய பன்னாட்டு அபினி ஆணையத்தில் பிரித்தானியத் தரப்பில் பங்கேற்றார். கடன் கொடுக்காத வணிகர் அபினியையும் எதிர்த்ததில் வியப்பில்லை; இரண்டிலும் வெளிப்படுவது மெதடிஸ்ட் ஒழுக்கம்.

விடுதலைக்குப் பின் மாளிகை மெட்ரோபாலிட்டன் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைப் பெற்றது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யின் உடைமையாயிற்று. பின்னர் முகப்பு சீரமைக்கப்பட்டு வெண்மையும் பொன்னிறமும் திரும்பின. மரபுப் பாதுகாப்பு என்று பாராட்டப்படுவது பெரும்பாலும் இதைத்தான். சுண்ணாம்புக்கும் சாயத்துக்கும் கிடைத்த அக்கறை, அக்கடையின் விற்பனையாளர்களுக்கும் தையற்காரர்களுக்கும், சம்பள நாளில் பணத்தோடு படியேறிய குமாஸ்தாவுக்கும் கிடைக்கவில்லை. அவர்களைத் தேடக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அன்றைய நாளேடுகளின் விளம்பரப் பக்கங்களையும், பொருள்பட்டியல்களையும், அஞ்சல் துறையின் ஆண்டறிக்கைகளையும் புரட்ட வேண்டும்.

கொல்கத்தாவுக்கு வெளியிலும் ஒரு தடயம் இருக்கிறது. நீலகிரியின் கேத்தியில், ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்காக உருவான பள்ளியொன்று லெய்ட்லாவின் பெயரைத் தாங்கி இன்றும் நடக்கிறது. சௌரங்கிக் கடையில் ரொக்கம் எண்ணிக் கொடுத்த அதே சமூகத்தின் பிள்ளைகளுக்கான பள்ளி அது.