ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா?

ஆங்கிலேயனின் 'கேஷ்' நம்முடைய காசுதான் என்று மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டலுக்குப் பஞ்சமிருக்காது. எட்டுதான் 'எய்ட்' ஆனது, கொரியாவில் அம்மா அப்பா என்றே கூப்பிடுகிறார்கள், ஆகவே உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்று பட்டியல் நீளும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று இது.

காசையே எடுத்துக்கொள்வோம். ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் 'கேஷ்', பெட்டிக்குள்ளிருந்து வந்த சொல். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் உருமாறிப் பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டிக்குள் கிடந்த பணத்துக்கே பெயரானது. நாம் விழுங்கும் கேப்ஸ்யூலும் இதே வம்சம்தான்.

நம் காசும் ஆங்கிலத்துக்குள் போனது உண்மை. ஆனால் அது வேறு வழி. போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் கிழக்குநாட்டுச் சில்லறைக்குப் பெயரானது. சென்னை மாகாணத்துக்கென்று கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயங்களில் 'கேஷ்' என்றே பொறித்திருக்கிறது. அவற்றை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809இல் கென்ட் கரைக்கு அப்பால் மூழ்கிப்போனது. ஆக, எழுத்துகூட மாறாத இரண்டு 'கேஷ்' ஆங்கிலத்தில் உண்டு. பிறப்பு வேறு வேறு. இரண்டையும் ஒன்றென்று சாதிப்பவர், நம் சொல் நிஜமாகவே கடல் கடந்த கதையைத் தம் கையாலேயே அழிக்கிறார்.

'எய்ட்' சங்கதி இதைவிட மோசம். ஜெர்மனில் அது 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பழமையை நோக்கிப் போகப் போக எட்டிலிருந்து விலகுகிறதே தவிர நெருங்கவில்லை. அம்மாவும் அப்பாவும் மழலை உதடுகளுக்கு முதலில் வசப்படும் ஒலிகள். எந்த மொழியிலும் முளைக்கும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. அதனால் அவர்கள் ஆங்கிலேயரின் பங்காளிகள் ஆகிவிட்டார்களா?

உண்மையான உறவு ஒற்றைச் சொல்லில் தெரியாது, ஒழுங்கில் தெரியும். பால் கன்னடத்தில் ஹாலு; புலி ஹுலி; பல் ஹல்லு; பாம்பு ஹாவு. சொல்லின் முதலில் நம் பகரம் நிற்கும் இடத்தில் அங்கே ஹகரம், சொல்லுக்குச் சொல். இப்படிப்பட்ட ஒழுங்குகளைக்கொண்டுதான் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் திராவிடக் குடும்பத்தை நிறுவினார். அந்த உழைப்பின் பக்கத்தில் வைக்கத் தகுமா இந்த வாட்ஸப் பட்டியல்?

இனி யாராவது எட்டுதான் 'எய்ட்' என்று வந்தால் சும்மா விடாதீர்கள். ஏழு எப்படி 'செவன்' ஆனது, ஒன்பது எப்படி 'நைன்' ஆனது என்று கேளுங்கள்.