ஊர் சுத்தவோ போனனீங்கள்?

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் நம் ஊரில் இரண்டு கேள்விகள் காத்திருக்கும். முதலாவது, "ரிசல்ட் என்ன மாதிரி?" இரண்டாவது, போனில் இருக்கிற போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த பிறகு வருவது: "படிக்கப் போனனீங்களோ, ஊர் சுத்தப் போனனீங்களோ?" மலேசியாவின் பினாங்கில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்த எங்களிடம் இதைக் கேட்காத பெரியம்மா இல்லை, மாமா இல்லை. நாலு பேரும் பெட்டைகள் என்பதால் கேள்வியில் காரம் கொஞ்சம் கூட. "ரெண்டுக்கும்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியாயிற்று. ஆனால் இந்தக் கேள்வியே பிழை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அதுவும் கலைப்பீடத்துப் பிள்ளைகளிடம் கேட்பது பெரிய பிழை.

எல்லாரையும் போல நாங்களும் யூடியூபைப் பார்த்து எழுதிய ஒரு லிஸ்ட்டோடுதான் தொடங்கினோம். பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ் டவுன், 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலுக்குள் வந்த நகரம். பார்க்க வேண்டியவை என்று பத்து, சாப்பிட வேண்டியவை என்று பத்து. ஆர்மேனியன் வீதியில், எர்னெஸ்ட் சக்கரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் 2012இல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. சைக்கிள் நிஜச் சைக்கிள், அதில் போகிற இரண்டு பிள்ளைகளும் சுவரில். அதற்கு முன்னால் நின்று படமெடுக்க வரிசையில் நின்றது அரை மணித்தியாலம், எடுத்தது அரை நிமிடம். பினாங்கு மலைக்கு 1923 முதல் ஓடுகிற, கம்பியால் இழுத்து மேலேற்றும் ரயில் ஒன்று உண்டு. அதில் ஏறி உச்சிக்குப் போனால் ஒரே பனிமூட்டம். மூன்று பேரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓட, ஹட்டன்காரி மட்டும் ஜக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு கேட்டாள்: "இந்தப் பனியப் பாக்கவா காசு குடுத்து வந்தோம்?"

லிஸ்ட்டை ஓரம் வைத்தது கையில் காசு குறைந்ததால்தான். அதன் பிறகுதான் நன்றாகச் சாப்பிட்டோம். ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சி புத்த கோயிலுக்குக் கீழே சந்தைப் பக்கம் ஆசாம் லக்சா கிடைக்கும். மீனை அவித்து உடைத்து, புளி விட்டு, அரிசி நூடுல்ஸ் போட்டு, மேலே வெள்ளரியும் அன்னாசியும் புதினாவும் தூவி, கறுப்பாய் ஒரு இறால் சாந்தும் விட்டுத் தருவார்கள். முதல் வாயிலேயே எங்களில் ஒருத்தி, "இது நூடுல்ஸ் போட்ட ஒடியல் கூழ்" என்றாள். சரியாக அது இல்லைத்தான். ஆனாலும் புளியும் மீனும் உறைப்பும் அப்படிச் சேரும்போது யாழ்ப்பாணத்து நாக்கு வேறென்ன சொல்லும்? இன்னொரு நாள் 'புத்து மாயம்' என்று ஒன்றை ஆவலோடு வாங்கிப் பிரித்தால், இடியப்பம்! மேலே தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும். சொதி இல்லை, சம்பல் இல்லை. எங்களுக்கு அது பிடிக்கவேயில்லை, அதையும் பதிந்துவைக்கிறோம்.

நாசி கண்டார்தான் உண்மையில் ஒரு பாடம். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தடி வைத்துச் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தடியின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. இன்றைக்கு அதற்கும் வரிசை, அதற்கும் யூடியூப். "பஞ்சீர்" என்று சொன்னால் எல்லாக் கறிகளின் குழம்பையும் கலந்து சோறு மிதக்கிற மாதிரி ஊற்றுவார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று அர்த்தம். கடைக்கு அவர்கள் சொல்வது 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பால்'. மொழியியல் வகுப்பில் கடன்சொற்கள் பற்றி எவ்வளவு குறிப்பு எடுத்திருப்போம்! ஒரு கடைப் பலகையைப் பார்த்துத்தான் அது மண்டைக்குள் ஏறியது.

சூலியா வீதியில் நடந்தது இன்னொன்று. பழைய கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன தர்கா. நாகூர் தர்கா ஷெரீப் என்று பெயர், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. மற்றவர்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, கல்முனைத் தோழி சொன்னாள்: "எங்கட கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தமும் இவங்கட பேரிலதான்." நாகூர், கல்முனை, பினாங்கு. கப்பல்காரரும் வியாபாரிகளும் ஒரே பெயரைக் கடல் கடந்து கொண்டுபோய் வைத்த மூன்று கரைகள். இந்து சமுத்திர வணிகம் என்று நாங்கள் படித்த பாடத்தில் இது இருந்திருக்கலாம், எங்கள் கண்ணில் படவில்லை. இது சுத்தலா, படிப்பா? பெரியம்மாதான் சொல்ல வேணும்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது சாப்பாடும் இல்லை, தர்காவும் இல்லை. ஹொஸ்டலுக்குப் பக்கத்தில், இரவிரவாகத் திறந்திருக்கிற ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே அதுதான் பெயர், 'மாமா' என்ற நம் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இரவு 11 மணிக்கு நாலு பெட்டைகள் தேத்தண்ணிக் கடையில் இருந்து கதைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் என்பதே எங்களுக்குப் பெரிய சுற்றுலா. அங்கே தே தாரிக் ஆற்றுகிறவர் இராமநாதபுரத்து அண்ணன். முதல் நாளே "தங்கச்சி, சிலோனா?" என்று பிடித்துவிட்டார். மலைக்குப் போய் வந்த கதையைச் சொன்னோம். ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்: "மேல ரொம்பக் குளிருமா?"

மூன்று வருசம். கடை வாசலில் நின்றால் இரவில் அந்த மலையின் வெளிச்சம் தெரியும். அவர் ஒருநாளும் ஏறியதில்லை. ஒரு நாளைக்கு 12 மணித்தியால வேலை, லீவு கிடைக்கிற நாளில் உடுப்புத் தோய்த்து, வீட்டுக்குக் கதைத்து, நித்திரை. பிறகு ஹொஸ்டலுக்கு நடந்து வரும்போது ஹட்டன்காரிதான் பேசினாள். "எங்கம்மாவும் ஹோர்ட்டன் பிளெய்ன்ஸ் பாத்ததில்ல. டூரிஸ்ட்டுக வந்து எங்க லயத்தப் போட்டோ எடுத்துட்டுப் போவாங்க."

ஒரு ஊரில் பார்வையாளராக இருப்பதற்குக் காசு மட்டும் போதாது, லீவு வேணும், சரியான விசா வேணும். எங்களுக்கு அது கிடைத்தது. அதே பாஷை பேசுகிற, அதே கடலைத் தாண்டி வந்த அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்களிடம் "அங்கே என்ன பார்த்தீர்கள்" என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்த கதை என்று நினைத்திருப்போம் போல.

இன்னொன்றையும் சொல்ல வேணும். பினாங்கு மாநில அரசு 2014இல் ஒரு விதியை அறிவித்து, 2016இல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது: தெருவோரக் கடைகளில் வெளிநாட்டவர் பிரதான சமையல்காரராக இருக்கக் கூடாது, உதவியாளராக இருக்கலாம். சுவை கெட்டுவிடும் என்பது காரணம். கைப்பக்குவம் தலைமுறை தாண்ட வேண்டும் என்கிற கவலை எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் சீனாவிலிருந்து வந்தவர்களின் நூடுல்ஸ், தமிழ்க் கரையிலிருந்து போனவர்களின் சோறு, இவற்றால் பேர்போன ஒரு தீவு, அடுத்த படகில் வந்தவரைப் பார்த்து "நீ வெங்காயம் மட்டும் வெட்டு" என்பது என்ன நியாயம்? நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் சேர்ந்த மலேசியக் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தேத்தண்ணிக்குக் கிடைத்த மரியாதை ஆற்றுகிற கைக்கு இன்னும் கிடைக்கேல்லை.

அதனால் அடுத்து போகிற ஜூனியர்களுக்கு எங்களிடம் 'கட்டாயம் பத்து' என்று ஒரு லிஸ்ட் இல்லை. மலைக்கு 204ஆம் இலக்க பஸ். தர்காவுக்கு நடந்தே போகலாம். ஒரே ஒரு கடையைப் பிடித்து, திரும்பத் திரும்ப அதற்கே போங்கள். வீட்டில் கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

எங்களுக்கு இப்போது வேறொரு சிக்கல். திரும்பி வந்தவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் இரண்டு கட்டங்கள்: 'கல்விசார் செயற்பாடுகள்', 'ஏனையவை'. நாகூர் தர்காவை யோசிக்காமல் முதல் கட்டத்தில் எழுதிவிட்டோம். அண்ணனோடு கதைத்த இரவுகளை எதில் எழுதுவது என்று நாலு பேருக்கும் இன்னும் சண்டை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேணும்.