திருவையாற்றை யாருக்குத் தாரை வார்ப்பது?

ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனையன்று திருவையாற்றுப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வானொலியும் தூர்தர்ஷனும் நேரடியாகப் பரப்புகின்றன. "அது மிராசுதார் சங்கீதம், அணைத்துப் போடு!" என்கிறார்கள் அழகர்கோவில் வட்டாரத்து விவசாயத் தொழிலாளத் தோழர்கள் சிலர். கோபம் நியாயமானது, முடிவு தவறு.

1847இல் காலமான தியாகராஜர் யார்? தெருவில் பாடி உஞ்சவிருத்தி எடுத்த அரிசியில் உண்டவர். மன்னர் சரபோஜி அழைத்தும் அரண்மனைக்குப் போகவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. (முன்வரிசையில் சரிகை பளபளக்க வீற்றிருக்கும் கனவான்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!)

பாழடைந்து கிடந்த அவர் சமாதியை 1920களில் எடுத்துக் கட்டியது எந்த ஜமீன்தார்? எந்த மடாதிபதி? எவருமில்லை! தேவதாசி குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் நகைகளை விற்றுக் கட்டினார். கைம்மாறு என்ன தெரியுமா? அங்கே உற்சவம் நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. காசு கொடுக்கலாம், குரல் கொடுக்கக் கூடாதாம்! நூல் நூற்றவனுக்கு வேட்டியில்லை என்ற நம் மில் கதைதான். அம்மையார் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டித் தனி விழாவே நடத்தினார். 1940 வாக்கில்தான் எல்லாரும் ஒரே பந்தலுக்கு வந்தார்கள். 1952இல் மறைந்த அவர் சமாதியும் அங்கேதான், தியாகராஜருக்கு எதிரில் இருக்கிறது.

இந்தச் சண்டையை மறைத்துவிட்டு, "தெய்வீக இசைக்கு ஜாதியேது, பேதமேது" என்று உருகுவோரிடம் திருவையாற்றை ஒப்படைக்கலாமா?

அந்த நிலையங்கள் நம் வரிப்பணத்தில் நடப்பவை. பாட்டுக்கு முன் நாகரத்தினம்மாள் கதையை ஆண்டுதோறும் அறிவிப்பாளர் சொல்லட்டும். சித்திரையில் அழகர் வர்ணிப்புப் பாடும் கூலிக்காரனுக்கும் அதே மைக்கில் நேரம் ஒதுக்கட்டும். அணைக்கச் சொல்லும் தோழர்கள், சங்கத்தில் இதைத் தீர்மானமாக்கி மதுரை வானொலி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.