ஓட்டத்துக்கு ஓர் இலக்கியம்

நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடியலில் ஓடுகிறவர்கள் பலருக்கும் ஓட்டம் ஒரு கட்டாயம். ஒருவருக்கு மருத்துவர் சொன்ன சர்க்கரைக் கணக்கு, இன்னொருவருக்குக் காவலர் தேர்வு. நெடுந்தூர ஓட்டம் பற்றிய நல்ல எழுத்து இந்தப் பார்வையை மாற்றும் என்று உறுதியாக நம்புகிறோம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ழான் எஷ்னோஸ் 2008இல் எழுதிய 'கூரீர்' நாவல், செக் ஓட்டக்காரர் எமில் ஸடோபெக்கைப் பற்றியது. பாட்டா செருப்பு ஆலையில் வேலை பார்த்த இளைஞர் அவர். ஆலை நடத்திய பந்தயத்தில் மனமில்லாமல்தான் முதலில் ஓடினார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் தங்கம். மராத்தான் ஓடியது அதுவே முதல் முறை. 1968இல் பிராக் நகருக்குள் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்தார். ராணுவப் பதவி பறிபோய், உடலுழைப்பு வேலைக்குப் போனார். பஞ்சாலைச் சங்கொலியில் நேரம் பார்த்த ஊர் நம்முடையது. இந்த ஆலைத் தொழிலாளி நமக்கு அந்நியர் அல்லர்.

ஒலிம்பிக்கில் மூன்று முறை அவருக்கு அடுத்து வந்து வெள்ளி பெற்றவர் அலென் மிமூன். பிரெஞ்சு அல்ஜீரியாவில் பிறந்தவர். பிரான்சுக்காகப் போரிட்டுக் காயம்பட்டவர். புதுச்சேரியை இந்தியாவுக்கு அளிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1956இல், மெல்போர்ன் மராத்தானில் முதலாவதாக வந்தார். வந்தவர் அங்கேயே காத்திருந்தார். ஆறாவதாக ஸடோபெக் ஓடிவந்ததும் இருவரும் தழுவிக்கொண்டார்கள். முடிவுப் பட்டியலில் அந்த நிமிடங்களுக்கு இடம் கிடையாது. எழுத்தில்தான் உண்டு. அதை வாசித்தவருக்கு, பின்னால் வருபவர் தோற்றவராகத் தெரியமாட்டார்.

பக்கத்து ஆரோவில்லில் 2008இல் தொடங்கிய மராத்தானில் பரிசு இல்லை, செம்மண் பாதையும் ஓட்டத்தின் மகிழ்ச்சியுமே உண்டு. ஓடுவதற்கு இப்படியொரு வெளி நமக்குக் கிடைத்துவிட்டது. எழுத்தில் அது இன்னும் போதாது. 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் புதுக்கோட்டை லட்சுமணன் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பதக்கம் செய்தியானது. அந்தக் கால்கள் கடந்த ஆண்டுகளைச் சொல்ல ஒரு தமிழ் நாவல் வேண்டும்.

ஓடுகிறவர்களிடம் கேட்கிறோம்: மூச்சு எங்கே தடுமாறியது, எங்கே நடக்க நேர்ந்தது, நின்றுவிடலாம் என்று தோன்றியபோது எது நகர்த்தியது, எழுதுங்கள். பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்விதழின் பக்கங்கள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன.