பாலாற்றுத் தீர்ப்பும் கணினி ஆயுதச் சந்தையும்

வாலாஜாபேட்டை தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றங்கரையில் வாழ்கிற நாம், டேனரிக் கழிவுநீரால் கிணறு கெட்டு, நிலம் உப்பேறி, உழவைக் கைவிட்ட குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர்கள். ஆகையால், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பாழாயிற்று என்னும் ஆய்வை எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே நஷ்டஈட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று விதித்த தத்துவத்தின் அருமை நமக்கு நன்கு தெரியும். தோல் ஏற்றுமதி ஈட்டித் தரும் அந்நியச் செலாவணியைக்கூட அந்தத் தீர்ப்பு ஒரு சமாதானமாக ஏற்கவில்லை.

அத்தத்துவம் இன்னும் எட்டாத வியாபாரம் ஒன்று உலகெங்கும் நடைபெறுகிறது. கணினியையும் கைபேசியையும் இயக்கும் மென்பொருளில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவற்றைக் கண்டுபிடித்தவர் தயாரிப்பாளருக்கு அறிவித்தால் ஓட்டை அடைபட்டு, கோடிக்கணக்கான ஜனங்கள் க்ஷேமமாயிருப்பார்கள்; அறிவிக்காமல், அரசாங்கங்களுக்கு விற்கும் தரகரிடம் கொடுத்தாலோ பெருஞ்செல்வம் கிடைக்கும். ஜெரோடியம் என்ற நிறுவனம், உடையவர் எதையும் தொடாதிருக்கும்போதே ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் நுழையும் மார்க்கத்துக்கு 25 லட்சம் டாலர் வரை தருவதாக 2019-இல் பகிரங்கமாக விலைப்பட்டியலே வெளியிட்டது. அந்தச் சரக்கின் மதிப்பு, ஓட்டை அடைபடாமல் இருக்கும் வரைதான். பகைவன் ஒருவனை வேவு பார்ப்பதற்காகச் சகல பிரஜைகளின் கதவுகளையும் தாழிடாமல் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை அநீதி என்றே நான் சொல்வேன்.

இதன் விபரீதம் 2017-இல் வெளிப்பட்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ரகசியமாக வைத்திருந்து, எடர்னல் புளூ என்ற ஆயுதமாக்கியிருந்தது. அவ்வாயுதம் களவு போய் ஏப்ரலில் அம்பலமாக, மே 12 அன்று வான்னகிரை என்னும் வைரஸ் அதைக் கொண்டு சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. சென்னையை அடுத்த ரெனோ-நிசான் ஆலையும், திருமலை தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டதே, புதுப்பிக்காதவர்களின் தவறல்லவா என்பார்கள். தவறுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் மறைத்தவர் ஒருவர் இருக்க, இரண்டு மாதம் தாமதித்தவரை மட்டும் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்? மறைத்த முகமை நஷ்டஈடாக எவருக்கும் ஒரு காசும் தரவில்லை. அன்று அந்நியச் செலாவணி சொல்லப்பட்ட இடத்தில் இன்று தேசப் பாதுகாப்பு சொல்லப்படுகிறது.

நம் தேசத்து நிலைமையும் மெச்சத்தக்கதன்று. பெகாசஸ் வேவு மென்பொருளை அரசாங்கங்களுக்கே விற்பதாக இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் சொல்லிவருகிறது. அது இந்தியப் பத்திரிகையாளர்கள் மீதும் அரசியல்வாதிகள் மீதும் ஏவப்பட்டதாக 2021 ஜூலையில் புகார் எழவே, உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் நிபுணர் குழு அமைத்தது. ஆராய்ந்த 29 கைபேசிகளில் ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தான் என நிச்சயிக்க இயலவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அக்குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. இத்தகைய கருவிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாஸனார் உடன்பாட்டில் 2017 முதல் அங்கம் வகிக்கும் அரசாங்கம், தான் வாங்கியதா இல்லையா என்று தன் பிரஜைகளுக்குச் சொல்ல மறுக்கிறது.

நமக்கு ஒரு சட்டம் வேண்டும். எந்த இலாகாவாயினும், ஓட்டை ஒன்றை அறிந்தால் குறித்த கெடுவுக்குள் தயாரிப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காது வைத்திருந்தால் காரணத்தைப் பாராளுமன்றக் குழுவின் முன் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். அது கசிந்து சேதம் விளைந்தால், பாலாற்று டேனரிகளுக்கு விதித்தது போலவே, வைத்திருந்தவரிடமிருந்து நஷ்டஈடு வசூலிக்க வேண்டும். இதற்கான மசோதாவைக் கொண்டுவரும்படி நம் தொகுதிகளின் பாராளுமன்ற உறுப்பினர்களை முதலில் கேட்க வேண்டியவர்கள், அந்தத் தீர்ப்புக்குக் காரணமான இவ்வட்டாரத்து ஜனங்களே.