கரியற்ற நகரம் யாருக்காக?

சென்னை மாநகராட்சி 2023-ல் காலநிலைச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. நகரம் வெளிவிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படும் அளவும் 2050-க்குள் சரிக்குச் சரியாக வேண்டும் என்பது அதன் லட்சியம். இதை நாம் வரவேற்கிறோம். வெள்ளம் வந்தாலும் வெயில் கொளுத்தினாலும் முதலில் அடிபடுகிறவர்கள் குடிசைவாசிகளும் கட்டடத் தொழிலாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களுமே. ஆகவே இது சீமான்களின் பொழுதுபோக்கல்ல. உழைக்கும் மக்களின் ஜீவாதாரப் பிரச்னை.

ஆனால் அறிவிப்பது வேறு, நிறைவேற்றுவது வேறு. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன், 2025-க்குள் இந்நிலையை எட்டுவதென 2012-ல் திட்டம் தீட்டியது. குப்பை எரிக்கும் ஆலையின் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டுக்குத் தேசிய சர்க்காரின் நிதி கிட்டவில்லை. குறித்த காலத்தில் முடியாதென 2022-ல் நகராட்சி ஒப்புக்கொண்டது. செல்வம் கொழிக்கும் நகருக்கே இந்தக் கதியென்றால், நமது ஸ்தல ஸ்தாபனங்களால் என்ன செய்ய முடியும்?

வழி உண்டு என்று காட்டியது கேரளத்தின் வயநாட்டிலுள்ள மீனங்காடி பஞ்சாயத்து. 2016-ல் அது இம்முயற்சியில் இறங்கியது. மரம் வளர்க்கும் விவசாயிக்கு, அம்மரத்தையே ஈடாகக் கொண்டு, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் கூட்டுறவு வங்கி மூலம் கிடைக்க வகை செய்யப்பட்டது. மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கென இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொகை சிறிதுதான். ஆனால் பாரத்தை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்தாமல் சமூகமே பங்கேற்றது. அதுவே பாடம்.

சென்னையில் நடந்தது என்ன? 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. புகையில்லாத பஸ் வேண்டியதுதான். ஆனால் அவற்றை ஓட்டுவது தனியார் கம்பெனிக்குக் காண்டிராக்டாக விடப்பட்டது. கண்டக்டர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். டிரைவரோ கம்பெனியின் ஆள்! காற்றைச் சுத்தப்படுத்தும் பெயரால் பொதுத்துறையைக் கரைப்பதை நாம் ஏற்க முடியாது.

எனவே நாம் கோருகிறோம்: மின்சார பஸ்களைப் போக்குவரத்துக் கழகமே வாங்கி, தன் தொழிலாளர்களைக் கொண்டு ஓட்ட வேண்டும். செயல்திட்டம் வார்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். ஆற்றோரக் குடிசைவாசிகளை அப்புறப்படுத்துவதற்கு அது சாக்காகக் கூடாது. மத்திய, மாநில சர்க்கார்கள் போதிய நிதி வழங்க வேண்டும்.

தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் இக்கோரிக்கைகளை ஏந்தி ஒன்றுபட்டு இயக்கம் நடத்த வேண்டும். 2050-ல் நகரம் தூய காற்றைச் சுவாசிக்கும்போது, அந்நகரைக் கட்டிய உழைப்பாளி அதன் எல்லைக்கு வெளியே துரத்தப்பட்டிருக்கக் கூடாது.